ரயர் சென்சரை வீட்டிலேயே மாற்றிப் புரோகிராம் செய்யலாமா?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவரிடம் இருப்பது இங்கிலாந்தில் இருந்து வந்த 2016 ரொயோட்டா கார். சாவியைத் திருப்பியதும் ரயர் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு நிமிடம் மட்டில் மினுங்குகிறது, பிறகு அணையாமல் எரிகிறது. நாலு ரயரிலும் காற்றுப் பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருக்கிறது. ஒரு கராஜில் விளக்கைக் கழற்றி விடலாம் என்றார்களாம். இன்னொரு இடத்தில் கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்களாம். சென்சரை வாங்கி நானே மாற்ற முடியுமா, அதைக் காருக்கு எப்படிப் பழக்குவது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சில்லுக்குள்ளும் வால்வோடு இருந்து, காற்றழுத்தத்தை அளந்து வயர் இல்லாமலே காருக்குச் சொல்லும் சின்னக் கருவிதான் இந்த ரயர் சென்சர்.

முடியும், தம்பி. ஆனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரயரை ரிம்மில் இருந்து கழற்றிப் போடுகிற வேலையை ரயர் கடையில் கொடுத்துவிட்டு, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். சென்சர் வாங்குவது, அதன் ஐடியை (அடையாள இலக்கத்தை) எழுதுவது, காரில் பதிவது எல்லாம் உங்கள் வீட்டு முற்றத்தில் நீங்களே செய்யக்கூடியவை. எல்லோரும் பயப்படுவது புரோகிராமுக்கு. நான் வவுனியாவில் வாகன மின்வேலை செய்த காலத்தில் பார்த்தவரை, சென்சர் உடைந்ததும் காசு வீணானதும் ரயரை நெம்பிக் கழற்ற லீவர் போடுகிற இடத்தில்தான்.

முதலில் விளக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மினுங்காமல் நேரே எரிந்தால் ஏதோ ஒரு ரயரில் காற்றுக் குறைவு. ஒரு நிமிடம் மட்டில் மினுங்கிவிட்டு நின்று எரிந்தால் கோளாறு அந்த அமைப்பிலேயே இருக்கிறது. ஏதோ ஒரு சென்சரின் பேச்சு காருக்குக் கேட்கவில்லை. உங்களுக்கு இரண்டாவது. கார் 2016 என்றால் பற்றரி முடிந்திருக்கும். சென்சருக்குள் இருப்பது சின்ன லித்தியம் பற்றரி. 5 முதல் 10 வருடம் வரை உழைக்கும். அதைச் சுற்றிப் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், மாற்றுவதற்கென்று செய்ததல்ல. பிசினைக் கிண்டிக் கடையில் விற்கும் மணிக்கூட்டுப் பற்றரியைப் பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்யச் சொல்லமாட்டேன். இந்தச் சென்சர்களுக்கென்று வரும் பற்றரி 125 பாகை செல்சியஸ் வரை தாங்கும்படி செய்தது. சாதாரணப் பற்றரிக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. மத்தியானம் ஏ9 வீதியில் ஓடி வந்த ரயரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு உள்ளே எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

விளக்கைக் கழற்றிவிடும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்தில் ரயர் படாரென்று வெடிப்பதைவிட, விடத்தல் முள்ளோ சின்ன ஆணியோ ஏறி இரண்டு மூன்று நாளில் மெல்ல மெல்லக் காற்றுப் போவதுதான் அதிகம். பார்வைக்கு ரயர் நிறைந்தது போலவே இருக்கும். காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும். அதுவும் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று நேர்வீதியில் மிதித்துக்கொண்டு போகும்போது உள்ளே இழை இழையாகப் பிரிந்துகொண்டிருக்கும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இரவில் ஓடுகிறீர்கள் என்றால், மாடு குறுக்கே வருவதைப் போலவே இதையும் நினைக்க வேண்டும். அந்த மஞ்சள் விளக்கு இதற்குத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களின் ஃபயர்ஸ்டோன் ரயர்கள் பிரிந்து பலர் இறந்த பிறகுதான் இந்த எச்சரிக்கை அமைப்பு சட்டமானது. ஐரோப்பாவில் 2014 நவம்பரில் இருந்து விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களிலும் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஜப்பானில் அப்படிக் கட்டாயம் இல்லை. இங்கே ஓடும் ஜப்பான் கார்கள் பலவற்றில் இது இல்லாமல் இருப்பதற்கும், இங்கிலாந்தில் இருந்து வந்த உங்கள் காரில் இருப்பதற்கும் காரணம் இதுதான். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, தனியார் வாகனம் திரும்ப வர 2025 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் ஓடிய கார்களின் சென்சர்கள் எல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாகச் சாகிற காலம்.

வாங்க முன்னர் உங்கள் காரில் சென்சர் உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். சில கார்கள் சென்சர் இல்லாமலே விளக்கு எரிக்கும். காற்றுக் குறைந்த சில்லு சற்றுச் சிறியதாகி, மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுழலும். அதை, பிரேக்குக்காகச் சில்லின் வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சர் பார்த்துக் கண்டுபிடிக்கும். அப்படியான காரில் மாற்ற ஒன்றும் இல்லை. காற்றைச் சரிபண்ணிவிட்டு மெனுவில் திரும்பப் பழக்கினால் போதும். வால்வுத் தண்டு உலோகமாக, அடியில் நட்டோடு இருந்தால் பெரும்பாலும் உள்ளே சென்சர் இருக்கும். றப்பர் தண்டாக இருந்தால் இல்லை என்று சொல்லிவிட முடியாது, றப்பர் தண்டிலும் சென்சர் பூட்டி வருகிறது. காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனரைக் கொழுவிப் பார்ப்பதுதான் திறம். ரொயோட்டாவில் சி2121 முதல் சி2124 வரையான கோளாறுக் கோட் ஏதாவது நின்றால், அந்த இலக்கத்துக்குரிய சென்சரிடம் இருந்து சைகை வரவில்லை என்று அர்த்தம்.

ஒன்றுதான் செத்திருக்கிறது என்று வந்தாலும் நாலையும் மாற்றுங்கள் என்பேன். நாலும் ஒரே நாளில் பிறந்தவை. ஒன்றை மாற்றி மூன்று மாதத்தில் அடுத்தது போனால் திரும்ப ரயர் கழற்றும் கூலி, திரும்ப பலன்ஸ். புது ரயர் போடுகிற நாளோடு சேர்த்துச் செய்தால் கழற்றும் கூலியும் மிச்சம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அலைவரிசை. ஜப்பான், அமெரிக்கக் கார்களுக்குப் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பாவுக்குச் செய்த கார்களுக்கு 433 மெகாஹேர்ட்ஸ். உங்களுடையது 433 ஆக இருக்க வேண்டும். பழைய சென்சரின் முதுகில் அச்சடித்திருப்பார்கள், பார்த்து உறுதிசெய்யுங்கள். காரின் பெயரை மட்டும் சொல்லி இணையத்தில் ஓடர் பண்ணி, 315 வந்து சேர்ந்து, நாலு ரயரையும் போட்டு முடித்த பிறகு கார் ஒன்றையுமே கேட்காமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். காரின் பெயர் ஒன்றுதான், ஆனால் ஜப்பானுக்குச் செய்தது வேறு, இங்கிலாந்துக்குச் செய்தது வேறு.

இப்போது சென்சர் இரண்டு வகையில் கிடைக்கும். ஒன்று, கம்பனி சென்சர் போல ஐடி ஏற்கனவே எழுதி வருவது. மற்றது வெறுமையாக வந்து, நாம் எழுதிக்கொள்வது. ஆட்டெல் எம்எக்ஸ் சென்சர், ஷ்ரேடர் ஈஸி சென்சர் எல்லாம் இந்த இரண்டாவது வகை. இதற்கு எழுதுகருவி ஒன்று வேண்டும். ஆட்டெல் டிஎஸ்408, டிஎஸ்508 இங்கேயும் புழக்கத்தில் உள்ளன. ஒரு காருக்காக வாங்குவது கட்டுப்படியாகாது. நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால், அல்லது வைத்திருக்கும் ஒருவரிடம் அரைமணி நேரம் இரவல் கேட்டால் போதும்.

ஒவ்வொரு சென்சருக்கும் ஒரு ஐடி உண்டு, 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்த 7 அல்லது 8 எழுத்து. கார் அந்த நாலு ஐடியைத்தான் தெரிந்து வைத்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் காரின் சென்சரும் அதே அலைவரிசையில் பேசினாலும் உங்கள் கார் குழம்பாமல் இருப்பது இதனால்தான். புதுச் சென்சரைக் காருக்குப் பழக்க இரண்டு வழி. புது ஐடியைக் காருக்குள் எழுதலாம். அல்லது பழைய ஐடியைப் புதுச் சென்சருக்குள் எழுதலாம். இரண்டாவது வழியில் காருக்கு எதுவுமே தெரியாது, பழைய ஆள்தான் பேசுகிறான் என்று நினைத்துக்கொள்ளும். காரின் கணினியில் கைவைக்கத் தேவையே இல்லை. முதன்முறை செய்கிறவருக்கு நான் எப்போதும் சொல்வது இந்த வழியைத்தான்.

இதில் ஒரு சிக்கல். பற்றரி செத்த சென்சரிடம் கருவி ஐடியைக் கேட்டால் பதில் வராது. உயிரோடு இருக்கும் சென்சருக்குப் பக்கத்தில், ரயரின் வால்வு ஓரமாகக் கருவியைப் பிடித்து அழுத்தினால் அது விழித்து ஐடி, காற்றழுத்தம், வெப்பம், பற்றரி நிலை எல்லாம் சொல்லும். செத்ததற்கு இரண்டு வழி: ஸ்கேனரால் காரின் நினைவில் உள்ள நாலு ஐடியையும் வாசிக்கலாம், அல்லது ரயரைக் கழற்றிய பிறகு சென்சரின் முதுகில் அச்சடித்ததைப் பார்த்துக் கையால் அடிக்கலாம். இரண்டையும் செய்து ஒப்பிடுங்கள். ஒருமுறை தூசி படிந்த சென்சரில் 8 என்று வாசித்தது உண்மையில் பி. ரயர் எல்லாம் பூட்டி, பலன்ஸ் பண்ணி, ஓடிப் பார்த்துவிட்டுத்தான் தெரிந்தது. அன்றில் இருந்து ஈரத்துணியால் துடைத்து, தொலைபேசியில் கிட்டப் பிடித்துப் படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்க்காமல் நான் ஒரு எழுத்தையும் அடிப்பதில்லை. ஒவ்வொரு சென்சரிலும் எந்தச் சில்லு என்று பேனையால் எழுதியும் வையுங்கள்.

புதுச் சென்சரை ரயருக்குள் போட முன்னரே எழுதி, கருவியால் ஒருமுறை திரும்பக் கேட்டுப் பாருங்கள். மேசையில் இருக்கும்போது காற்றழுத்தம் 0 என்று காட்டும், அது சரி. ஐடி பொருந்துகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி ரயர் கடை. வன்னியில் பல கடைகளில் இப்போது மெசின் இருக்கிறது. சில சந்திகளில் இன்னும் சுத்தியலும் லீவரும்தான். சென்சர் உள்ள சில்லை மெசின் உள்ள இடத்துக்கே கொண்டுபோங்கள். சில்லை வீட்டிலேயே கழற்றிக் கொண்டுபோவதென்றால், எங்கள் மணல் தரையில் ஜக் புதைந்து சரியும். அடியில் ஒரு முதிரைப் பலகைத் துண்டைப் போட்டு, மற்றச் சில்லுகளுக்குக் கல் கொடுத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கையோ தலையோ வைக்க வேண்டாம்.

கடைக்காரருக்கு முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "அண்ணை, உள்ளுக்குச் சென்சர் இருக்கு, வால்வுப் பக்கம் கவனம்." வேலை தெரிந்தவருக்கு இது போதும். காற்றை முழுவதும் இறக்கிய பிறகு, உலோகத் தண்டாக இருந்தால் வெளியே உள்ள நட்டைக் கழற்றி, சென்சரை ரயருக்குள்ளேயே விழவிட்டுவிடலாம். அப்போது ரயரின் விளிம்பை அமுக்கும்போது அது ரிம்மோடு நெரிபடாது. றப்பர் தண்டென்றால், அமுக்கும் இடம் வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். லீவர் உள்ளே போகும் இடமும் வால்வில் இருந்து தள்ளியே இருக்க வேண்டும். விளிம்புக்குச் சவர்க்காரத் தண்ணி பூசினால் போதும், கிறீஸ் வேண்டாம்.

முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் நின்ற கார்களில் இன்னொன்று பார்த்திருக்கிறேன். அலுமினிய வால்வின் நட்டைச் சுற்றி வெள்ளை மாவு போல ஒன்று பூத்திருக்கும். நட்டில் சாவியை வைத்துத் திருப்பினால் நட்டு வராது, தண்டே முறுக்கிக்கொண்டு ‘டிக்’ என்ற சின்னச் சத்தத்தோடு முறியும். கையில் வரும் துண்டின் உள்முகம் சுண்ணாம்பு போல உதிரும். உப்புக்காற்றில் அலுமினியமும் பித்தளையும் தொட்டுக்கொண்டிருந்தால் இப்படித்தான் தின்னும். அதனால் அலுமினிய வால்வுக்குள், காற்றை அடைத்து நிற்கும் ஊசி நிக்கல் பூசியதாகத்தான் இருக்க வேண்டும். கடையில் கைக்கு அகப்படும் மஞ்சள் பித்தளை ஊசியைப் போடவிடாதீர்கள். மூடியும் பிளாஸ்ரிக்காகவே இருக்கட்டும். மினுமினுப்பான உலோக மூடி அழகுதான், ஒரு மாரி கழிய இறுகிப்போய் வால்வோடு சேர்ந்துதான் வரும்.

புதிதாகப் பூட்டும்போது ரிம்மின் ஓட்டையைத் துடைத்து, புது றப்பர் வளையத்தோடு பூட்டுங்கள். இறுக்கம் மிகச் சிறியது. பல ரொயோட்டா சென்சர்களின் நட்டுக்கு 4 நியூற்றன் மீற்றர்தான், வேறு சிலவற்றுக்கு 8 வரை போகும். பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சில்லு நட்டுக்குக் கொடுக்கும் பலத்தைப் பழக்கத்தில் இதற்கும் கொடுத்தால் அன்றைக்கே வளையம் நசிந்துவிடும். சென்சரின் உடல் ரிம்மோடு படிந்திருக்க வேண்டும், ரயர் விளிம்பு வரும் வழியில் துருத்தி நிற்கக் கூடாது. ரயரைப் போட்டுக் காற்றடித்த பிறகு வால்வைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணி விட்டு, குமிழ் வருகிறதா என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சென்சர் சில பத்துக் கிராம் எடை. பலன்ஸ் பண்ணாமல் வரக் கூடாது. சில்லு நட்டை நட்சத்திர ஒழுங்கில் இறுக்குங்கள், பெரும்பாலான ரொயோட்டாக் கார்களுக்கு 103 நியூற்றன் மீற்றர்.

பழைய ஐடியையே எழுதியிருந்தால் இத்தோடு கிட்டத்தட்ட முடிந்தது. சென்சர் நின்ற இடத்தில் பெரும்பாலும் உறங்கும். சில்லு சுழன்றால்தான் ஒழுங்காகப் பேசும். ஆகவே முற்றத்தில் நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல், கிளிநொச்சியில் இருந்து முறிகண்டி வரை ஒரு ஓட்டம் ஓடுங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கித் திரும்புவதற்குள் விளக்கு அணைந்திருக்க வேண்டும்.

புது ஐடியோடு வந்த சென்சர் என்றால் காருக்குள் எழுத வேண்டும். இங்கே காருக்குக் கார் வழி மாறும். சில கார்கள் பத்து இருபது நிமிடம் ஓடினால் தாமாகவே பழகும். சிலவற்றைப் பழகும் நிலையில் வைத்து, ஒவ்வொரு சில்லிலும் கருவியைப் பிடிக்க வேண்டும். ஹோர்ன் அடித்துச் சரி என்று சொல்லும். ரொயோட்டாவில் பெரும்பாலும் ஸ்கேனரைக் கொழுவும் ஓபிடி செருகியில் கொழுவித்தான் எழுத வேண்டும். ஆட்டெல் டிஎஸ்508 கருவியே அதைச் செய்யும். இல்லாவிட்டால் மடிக்கணினியில் ரொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருளும், அதைக் காரோடு இணைக்கும் மினி விசிஐ கேபிளும் போதும். ரயர் அழுத்தப் பகுதிக்குப் போய், யூட்டிலிட்டியில் ஐடி பதியும் இடத்தைத் திறந்து, முதலில் பழைய நாலையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு நாலையும் ஒன்றாக எழுதுங்கள். மாற்றாத சில்லின் ஐடியையும் திரும்ப அடிக்க வேண்டும். இந்த வேலை முடியும்வரை காரின் பற்றரி இறங்கக் கூடாது. பற்றரி சோர்ந்த கார் என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். சில பெரிய ஜீப்புகளில் ஸ்பெயார் சில்லிலும் சென்சர் உண்டு, அதற்கு ஐந்தாவது ஐடி.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ‘செட்’ பொத்தான் பற்றி நிறையப் பேருக்குக் குழப்பம். அதை அமுக்கிப் பிடித்து, விளக்கு மூன்று தரம் மெல்ல மினுங்கியதும் சென்சர் பதிவாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். இல்லை. "இப்போது உள்ள காற்றுத்தான் சரியான காற்று" என்று காருக்குச் சொல்வது மட்டும்தான் அந்தப் பொத்தானின் வேலை. ஐடியை அது தொடாது. சில கார்களில் பொத்தானுக்குப் பதில் மெனுவில் இருக்கும். ஒரு ரயரில் காற்றுக் குறைவாக இருக்கும்போது இதை அமுக்கினால் அந்தக் குறைவையே சரி என்று கார் நம்பிவிடும். பிறகு உண்மையில் முள் ஏறும்போது எச்சரிக்கை பிந்தி வரும். விளக்கை அணைப்பதற்காக இதை அமுக்குவதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை.

அதனால் காற்றை எப்போது பார்ப்பது என்பது முக்கியம். விடிய, வெயில் ஏற முன்னர், கார் இரவு முழுவதும் நின்ற பிறகு. கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவைப் பாருங்கள். 230 கிலோபஸ்கால் என்று இருந்தால் அது 33 பி.எஸ்.ஐ. 10 பாகை செல்சியஸ் சூடு ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ ஏறும். மத்தியானம் ஓடி வந்து 36 காட்டுகிறதே என்று காற்றை இறக்கி 33 ஆக்கினால், அடுத்த நாள் விடிய அது 30 ஆகியிருக்கும். கைக்கு அடக்கமான நல்ல மீற்றர் ஒன்றை வாங்கிக் காரிலேயே வைத்திருங்கள். காற்றடிக்கும் இடத்தில் உள்ள மீற்றர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

எங்கள் பக்கத்தில் உள்ள இரண்டு பழக்கங்கள் சென்சருக்கு ஆகாது. ரயர் கிழிந்தால் உள்ளே ரியூப் போட்டு ஓட்டுவது ஒன்று. ரியூப் போட்டால் சென்சரால் காற்றை அளக்க முடியாது, அதன் விளிம்பு உரசி ரியூப்பும் போகும். அவசரத்துக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் சென்சரைக் கழற்றி எடுத்து வையுங்கள். மற்றது முள்ளுக்குப் பயந்து முன்கூட்டியே ஊற்றும் பஞ்சர் திரவம். அது சென்சரின் ஊசிமுனை ஓட்டையை அடைத்துவிடும். உள்ளூர்க் கிரவல் வீதியில் ஓடுகிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும், ஆனாலும் இந்தக் காருக்கு வேண்டாம்.

உங்களைப் பார்த்து, சென்சர் இல்லாத கார் வைத்திருக்கும் நண்பர்களும் கேட்பார்கள். அவர்களுக்கு வால்வு மூடிக்குப் பதிலாக நாலு சென்சரைத் திருகி, வெயிலில் சார்ஜ் ஆகும் சின்னத் திரையை டாஷ்போட்டில் வைக்கும் செட் கிடைக்கிறது. பற்றரியை நாமே மாற்றலாம், ஒன்றும் எழுதத் தேவையில்லை. பழைய றப்பர் வால்வில் அந்தப் பாரம் ஏறினால் வால்வு அடியில் வெடிக்கும், ஆகவே முதலில் புது வால்வு போடச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு சவர்க்காரத் தண்ணி பரிசோதனை இதற்கும் உண்டு.

எல்லாம் முடிந்ததும் நாலு ஐடியையும் எந்தச் சில்லு, எந்தத் திகதி என்று ஒரு துண்டில் எழுதி, பியூஸ் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்தமுறை ஒரு சென்சர் செத்தால் ரயரைக் கழற்ற முன்னரே புதியதை எழுதித் தயாராக வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். எழுதும்போது எங்காவது நின்றுபோனால், ஸ்கேனர் காட்டும் கோட் இலக்கத்தையும் பழைய சென்சரின் முதுகுப் படத்தையும் போட்டுக் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.